முக்கொம்பு லஸ்கர்களுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் ஒரு நன்றி மடல்

வணக்கம்.

திருச்சியிலிருந்து கரூர் சாலையில் 18 கிலோமீட்டர் வந்தால் முக்கொம்பு. புளிசாதத் தூக்கும் பாயுமாக வந்து இறங்கும் குடும்பங்களுக்கு மரநிழல், ஊஞ்சல், இரண்டாகப் பிரியும் காவிரி ஆறு, இவைதான் கண்ணில் படும். அந்த நிழலில் பயமில்லாமல் உட்கார வைக்கிறவர்களுக்கு இந்த மடல்.

முதல் நன்றி லஸ்கர்களுக்கு, அதாவது அணையின் ஷட்டர்களை (கதவுகளை) ஏற்றி இறக்கும் பணியாளர்களுக்கு. காவிரி, கொள்ளிடம் என்று இங்கே பிரிகிற இரண்டில் கொள்ளிடம்தான் சரிவு கூடிய ஆறு. அதன் போக்கில் விட்டால் தண்ணீர் எல்லாம் அந்தப் பக்கம் போய்விடும். தஞ்சாவூர் வயல்கள் காயும். அதைத் தடுக்கத்தான் 1836-இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் இங்கே மேலணை என்கிற இந்த அணையின் வேலையைத் தொடங்கினார். காவிரிக்கு எவ்வளவு, கொள்ளிடத்துக்கு எவ்வளவு என்ற கணக்கு இன்றும் ஷட்டரில்தான் இருக்கிறது.

ஷட்டரைத் தூக்குவது பித்தானை அமுக்கிவிட்டுப் போகிற வேலை இல்லை. ஒன்றை மட்டும் முழுசாகத் தூக்கினால் தண்ணீர் ஒரே இடத்தில் பாய்ந்து அடிமணலைப் பறித்துவிடும். பலவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக, பரவலாகத் தூக்க வேண்டும். இறக்கும்போது ஒரு மரக்கட்டையோ ஆகாயத்தாமரைக் கொத்தோ அடியில் சிக்கினால் ஷட்டர் சரியாக உட்காராது. இடுக்கில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். வெள்ளம் வரும் ராத்திரிகளில் டார்ச் அடித்து அளவுகோலைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களை, மறுநாள் வேடிக்கை பார்க்க வரும் யாருக்கும் தெரியாது.

2018 ஆகஸ்ட் 22 இரவு கொள்ளிடக் கதவணையின் 45 ஷட்டர்களில் 9 அடித்துக்கொண்டு போயின. பாய்கிற தண்ணீருக்கு எதிரே மணல் மூட்டையும் பாறாங்கல்லும் அடுக்கிய தொழிலாளர்களுக்கு அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டிய நன்றி இது. இப்போது புதுக் கதவணையே வந்துவிட்டது. தாமதத்துக்கு மன்னிக்கவும்.

அடுத்து, ஆடிப்பெருக்கன்று கரையில் நிற்கும் காவலர்களுக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும். "இறங்காதீங்க" என்று தொண்டை வறளக் கத்தி, பதிலுக்குத் திட்டும் வாங்குகிறார்கள். அவர்கள் சொல்வதில் காரணம் இருக்கிறது. முக்கொம்பில் தண்ணீர் ஏற இங்கே மழை பெய்ய வேண்டியதில்லை. மேட்டூரில் திறந்தாலும் ஏறும், பவானியிலோ அமராவதியிலோ வெள்ளம் வந்தாலும் ஏறும். ஒரு லட்சம் கன அடி என்று செய்தியில் சொன்னால் விநாடிக்கு ஏறக்குறைய 28 லட்சம் லிட்டர் என்று அர்த்தம்.

தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, நுரையும் சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, செருப்பைத் தேடிக்கொண்டு நிற்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட வேண்டும். ஷட்டருக்குக் கீழ்ப்புறம் எப்போதுமே ஆகாது. மேலே சாதுவாகத் தெரியும் தண்ணீர் சுருண்டு கதவை நோக்கியே திரும்பும். விழுந்தவரை வெளியே விடாது, நீச்சல் தெரிந்திருந்தாலும். முழங்கால் ஆழம் என்று நடக்கும்போது அடுத்த அடியில் மணல் பறிந்து ஆள் மட்டத்துக்குப் பள்ளம் கிடக்கலாம். காப்பரிசியும் காதோலை கருகமணியும் வைத்துப் படைக்கிறவர்கள் கரையிலேயே படைக்கலாம். காவிரித்தாய் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

துப்புரவுப் பணியாளர்களைப் பற்றிச் சொல்லத்தான் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் அவர்கள் அள்ளுவது நம்முடையதை. காகிதமும் தட்டும் கூடப் பரவாயில்லை, கண்ணில் படும். உடைந்த பாட்டில் சில்லு மணலுக்குள் புதைந்துவிடும். துடைப்பத்துக்கு வராது, குனிந்து கையால்தான் பொறுக்க வேண்டும். அதைவிட மோசம் குழந்தை டயப்பர். புதருக்குள் எறிந்தது தண்ணீர் குடித்து உப்பி, தூக்கும்போது கிழிந்து உள்ளே இருப்பதெல்லாம் கையில் வழியும். வீட்டிலிருந்து இரண்டு பை கூடுதலாக எடுத்து வாருங்கள்: ஒன்று எச்சில் தட்டுக்கு, இன்னொன்று டயப்பரைச் சுருட்டிக் கட்டி வீட்டுக்கே கொண்டுபோக. மீந்த சோற்றை ஆற்றில் கொட்டாதீர்கள். மீனுக்குத்தானே என்பார்கள், பாதிக்குமேல் படித்துறை ஓரத்திலேயே ஒதுங்கிப் புளித்துக் கிடக்கும், அதையும் அவர்கள்தான் வழிக்க வேண்டும்.

கடைசியாக மீன் வறுக்கும் அக்காக்களுக்கு. மசாலா தடவின மீனை எண்ணெய் நன்றாகக் காய்ந்தபின்தான் போடுகிறீர்கள். அதனால்தான் கல்லில் ஒட்டாமல் தோலோடு வருகிறது. சின்னப் பிள்ளைக்கு என்றால் கேட்காமலே முள் குறைந்த நடுத்துண்டாகப் பார்த்து எடுத்து வைக்கிறீர்களே, அதற்குத் தனியாக ஒரு நன்றி.

அன்புடன்,
ஞாயிற்றுக்கிழமைகளில் பாய் விரிக்க வரும் குடும்பங்கள்