காஷ்மீர் போகும் வண்டிகள் கவனத்துக்கு

உறுப்பினர்களுக்கு வணக்கம். ஆப்பிள் லோடு எடுக்க நம் வண்டிகள் திங்கள் காலை 5 மணிக்கு நாமக்கல்லில் இருந்து கிளம்புகின்றன. ஜம்மு–ஸ்ரீநகர் சாலையில் ராம்பன், பனிஹால் பக்கம் மண் சரிந்தால் நாள்கணக்கில் நிற்க வேண்டி வரும். போன வருடம் என் டிரைவர் அப்படி நின்று, 4 நாள் பிஸ்கட், டீயிலேயே பொழுதை ஓட்டினார். போனில் அவர் குரலே கம்மிப்போயிருந்தது. அதனால் கிளம்பும் முன் இவற்றைக் கவனியுங்கள்:

1. அரிசி, பருப்பு, ஊறுகாய், 20 லிட்டர் தண்ணீர் கேன் 2.
2. ஸ்டவ் கேபினுக்கு வெளியேதான். குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு பற்ற வைத்தால் உயிருக்கே ஆபத்து.
3. கம்பளி. சுகர், பிரஷர் இருப்பவர்களுக்கு மாத்திரை 15 நாளுக்கு.
4. போஸ்ட்பெய்டு சிம் கட்டாயம். நம் ஊர் ப்ரீபெய்டு அங்கே எடுக்காது.
5. ராம்பனுக்கு முன்னால் வரும் உதம்பூரிலேயே டேங்க் ஃபுல். பேட்டரி, ஸ்டெப்னியை இங்கேயே பார்த்துவிடுங்கள்.
6. நிற்கும் நாளுக்கும் பேட்டா உண்டு என்று டிரைவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

சனி மாலை 6 மணிக்குள் வண்டி எண்ணோடு ‘சரி’ என்று பதில் போடவும்.