தவில்காரரான மாமாவுக்கு ஒரு மெற்றல் குழுவைப் பற்றி

அன்புள்ள மாமா,

சென்ற மாதம் இணுவில் வீட்டு விறாந்தையில் நீங்கள் சாய்மனைக் கதிரையில் படுத்திருந்தபோது, நான் உள்ளே போட்டிருந்த பாட்டைக் கேட்டுவிட்டு, "உதென்னடா, மாடு கத்துறமாதிரி?" என்றீர்கள். நான் சிரித்துக்கொண்டே அதை நிறுத்திவிட்டேன். ஐம்பது வருடங்கள் தவிலைத் தோளில் சுமந்தவருக்கு ஒழுங்கான பதில் சொல்லாமல் வந்தது மனத்தை உறுத்துவதால் இதை எழுதுகிறேன்.

அது ஓபெத் என்னும் மெற்றல் குழு; மெற்றல் என்பது கனத்த கிற்றார் ஒலியோடு வரும் ஒருவகை ரொக் இசை. 1990இல் சுவீடனின் ஸ்ரொக்ஹோமில் தொடங்கியது. அதில் பாடுபவரும் கிற்றார் வாசிப்பவரும் பெரும்பாலான பாட்டுகளை ஆக்குபவரும் மிக்கேல் ஓக்கர்பெல்ட் என்ற ஒருவரே. நீங்கள் மாடு என்ற அந்த உறுமலும், சற்றுப் பின்னர் "இது வேறை ஆளோ?" என்று கேட்ட மென்மையான குரலும் அவருடையவைதான். உறுமலில் சொற்களைத் தேடினால் எரிச்சலே மிஞ்சும் என்பதால், நான் அதை ஒரு வாத்தியமாகவே கேட்கிறேன்.

உறுமிப் பாடும் டெத் மெற்றல், பல பகுதிகளாக நீண்டு செல்லும் எழுபதுகளின் புரோகிரசிவ் ரொக், ஜாஸ், நாட்டார் இசையின் சாயல் எல்லாவற்றையும் ஒரே பாட்டுக்குள் கொண்டுவந்தால் அவியலாகாதா என்று கேட்பீர்கள். 1995இல் வந்த அவர்களுடைய முதல் இசைத்தொகுப்பில் எனக்கும் அந்த எண்ணம் வந்ததுண்டு. யாரோ இடையில் வானொலி நிலையத்தை மாற்றிவிட்டதுபோல ஒரு பகுதி முடிந்து இன்னொன்று தொடங்கும். ஆங்கிலேய இசைக்கலைஞர் ஸ்ரீவன் வில்சன் தயாரிப்பில் இணைந்த 2001ஆம் ஆண்டின் 'பிளாக்வோட்டர் பார்க்'கில் அந்த ஒட்டு தெரிவதில்லை.

ஆனால் நான் உங்களிடம் சொல்ல விரும்புவது 2002இல் வந்த 'டெலிவரன்ஸ்' என்ற பதின்மூன்று நிமிடத்துக்கும் மேற்பட்ட பாட்டின் கடைசிப் பகுதியைப் பற்றியே. அங்கே பாடுவது நின்றுபோக, கிற்றார்களும் ட்ரம்ஸும் சேர்ந்து உடைந்த சொற்கட்டு போன்ற ஒரு தாள அடிக்கோவையைப் பிடித்துக்கொண்டு, அடி விழும் என்று நாம் காத்திருக்கும் இடத்தில் வெறுமையையும், காத்திராத இடத்தில் அடியையும் வைத்து, அதையே சில நிமிடங்களுக்குத் திரும்பத் திரும்ப வாசிக்கின்றன. ட்ரம்ஸ் வாசிப்பவர் உருகுவே நாட்டுப் பெற்றோருக்குச் சுவீடனில் பிறந்த மார்ட்டின் லோப்பஸ். முதல்தடவை கேட்டபோது நான் விரல்விட்டு எண்ணி, மூன்றாவது சுற்றிலேயே தவறிவிட்டேன். பத்து வயதில் கோயில் திருவிழாவில் என்னைத் தாளம் போட இருத்திவிட்டு, நீங்கள் தனி ஆவர்த்தனத்தில் கணக்கை அரைமாத்திரை தள்ளி எடுக்க, நான் தாளத்தைத் தொலைத்து விழித்ததும், வாசிப்பை நிறுத்தாமலே உங்கள் பூவரசங்கம்பு என் முழங்காலில் ஒருமுறை தட்டிவிட்டுத் தவிலுக்குத் திரும்பியதும் அப்போது நினைவுக்கு வந்தன.

இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அவர்கள் முன்கூட்டியே ஆக்கி ஒத்திகை பார்த்ததை வாசிக்கிறார்கள். தவில் மேதை தெட்சணாமூர்த்தியைக் கேட்கச் சைக்கிளில் அளவெட்டிக்கு ஓடிய நீங்களோ இரவுக்கு ஒரு கணக்கை அந்த இடத்திலேயே உண்டாக்கியவர். கேட்பவனைத் தாளத்துக்காகத் தவிக்கவிடும் குறும்பு மட்டும் இரு பக்கமும் ஒன்றுதான்.

2011ஆம் ஆண்டுத் தொகுப்பில் அவர்கள் உறுமலை முற்றாகக் கைவிட்டார்கள். பலர் மெச்சிய அந்தத் திருப்பம் எனக்கு உப்புக் குறைந்த கறியாகவே பட்டது. 2024ஆம் ஆண்டுத் தொகுப்பில் உறுமல் திரும்பி வந்தபோது நான் மகிழ்ந்ததை மாமிக்குச் சொல்லிவிடாதீர்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கரோடு வருகிறேன். உறுமலே இல்லாத, 2003இல் வந்த 'டம்னேஷன்' தொகுப்பை முதலில் போடுகிறேன். தேநீர் குடித்து முடிந்ததும் 'டெலிவரன்ஸ்' பாட்டின் கடைசிப் பகுதியைக் கேட்போம். தாளத்தை நீங்கள்தான் போடவேண்டும். கம்பை மட்டும் தூர வைத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்