பெல்ட் வண்டிக்காரர்

திண்டுக்கல்
ஞாயிறு சாயங்காலம்

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பத்தாவின் முட்டிவலி மட்டும் அப்படியே இருக்கிறது. மழை இன்னும் வரவில்லை.

அருங்காட்சியகத்தில் எடுத்து நீ அனுப்பிய பதினொரு போட்டோவும் வந்தது. பத்தில் நீயும் உன் சிநேகிதிகளும்தான். பதினோராவதில் உன் தோளுக்குப் பின்னால் டாஃப் கம்பெனியின் பழைய குட்டிக் கார் ஒன்று ஓரமாக நிற்கிறது. "எல்லோரும் பாட்டி கார் என்று சிரித்தார்கள் அப்பா" என்று கீழே எழுதியிருந்தாய். அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ 'ம்ம், ம்ம்' என்று கேட்டுக்கொண்டே வேறு வேலை பார்ப்பாய்.

போட்டோ வந்த நாளிலிருந்து ராத்திரி ராத்திரி உட்கார்ந்து அந்தக் காரைச் செய்தவரைப் பற்றிப் படித்தேன். பெயர் ஹுப் வான் டோர்ன். 1900 ஜனவரி 1-ஆம் தேதி பிறந்தவர். பிறந்த ஊரின் பெயர் அமெரிக்கா! நிஜம்தான், நீ இருக்கிற நெதர்லாந்திலேயே லிம்பர்க் பக்கம் அப்படி ஒரு கிராமம். கொல்லர் வீட்டுப் பிள்ளை என்று படித்ததும் ஆளைப் பிடித்துப்போய்விட்டது. 1928-இல் ஐந்தோவனில், ஒரு பீர் ஆலை வளாகத்தில் சின்னதாகப் பட்டறை போட்டார். கைகொடுத்தவர் ஆலை முதலாளி. அவருடைய காரை இவர் பழுது பார்த்துக் கொடுத்ததில் ஏற்பட்ட பழக்கம். நீங்கள் சிரித்துக்கொண்டு நின்றீர்களே, அந்த அருங்காட்சியகம் இருப்பது அந்தப் பழைய ஆலையில்தான். கவனித்தாயா?

தம்பி விம்மும் சேர்ந்துகொண்டார். டிரெய்லர் கட்டினார்கள், அப்புறம் லாரி. லாரி வியாபாரம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது, ஐம்பத்தெட்டு வயதில், இந்தக் குட்டிக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். 1958 பிப்ரவரி, ஆம்ஸ்டர்டாம் கண்காட்சி. டாஃப் 600. இரண்டு சிலிண்டர், 590 சிசி, 22 குதிரைத்திறன். கிளட்ச் மிதிக்க வேண்டாம், கியர் மாற்ற வேண்டாம். ஒரே ஒரு குச்சி. முன்னால் தள்ளினால் முன்னால் போகும், பின்னால் இழுத்தால் பின்னால் போகும். 'கெட்டிக்காரக் குட்டிக் குச்சி' என்கிற மாதிரி டச்சில் விளம்பரம் செய்திருக்கிறார்கள்.

அது எப்படி ஓடுகிறது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பத்தாவது லீவில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கூட்டரில் வேரியேட்டர் என்கிற பெல்ட் புல்லியைக் கழற்றியவள் நீ. ஆனாலும் சொல்கிறேன், எனக்குச் சொல்லப் பிடிக்கும். இரண்டு தட்டை முதுகோடு முதுகாக வைத்த மாதிரி எஞ்சின் பக்கம் ஒரு புல்லி, சக்கரத்துப் பக்கம் இன்னொன்று, இரண்டையும் சுற்றி வி-பெல்ட். எஞ்சின் வேகம் கூடக் கூட முன் புல்லிக்கு உள்ளே இருக்கிற எடைகள் வெளிப்பக்கம் வீசப்படும், தட்டு இரண்டும் நெருங்கும், பெல்ட் விளிம்பை நோக்கி ஏறும். பெல்ட்டின் நீளம் மாறாதே! அதனால் பின் புல்லியில் ஸ்பிரிங்கை மீறித் தட்டுகளை விலக்கிக்கொண்டு உள்ளே இறங்கும். முன்னால் சின்ன வட்டமும் பின்னால் பெரிய வட்டமும் என்றால் இழுவை. அதுவே தலைகீழானால் ஓட்டம். இடையில் படியே கிடையாது, சரிவுப் பாதை மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். நம் ஸ்கூட்டரில் ரோலர்கள் செய்வது இதே வேலைதான். அவர் கூடுதலாக எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தையும் வேலை வாங்கியிருக்கிறார். பின் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெல்ட். ஒன்று சேற்றில் வழுக்கினாலும் மற்றது இழுத்துவிடும். இரண்டு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற டிஃப்ரன்ஷியல் என்று தனியாக ஒன்றை வைக்கவே இல்லை. இதைப் படித்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

பெல்ட்டை ஏற்றி இறக்கும் யோசனை அவருக்கு முன்பே இருந்ததுதான். இங்கிலாந்தில் ரட்ஜ் மல்டி என்ற மோட்டார் சைக்கிளில் கையால் லீவரைத் தள்ளிப் புல்லியை மாற்றியிருக்கிறார்கள், முதல் உலகப் போருக்கும் முன்னால். ஆனால் ஓட்டுகிறவர் நினைக்கவே வேண்டாம், வண்டியே பார்த்துக்கொள்ளும் என்று காரில் வைத்து, ஆலையில் வரிசையாகச் செய்து, சாதாரண ஜனங்களுக்கு விற்றது பெரிய காரியம் என்று நினைக்கிறேன்.

ரிவர்ஸுக்கென்று தனி கியர் விகிதம் இல்லாததால் முன்னால் போகிற அதே வேகத்தில் பின்னாலும் ஓடும். உங்கள் ஊர்க்காரர்கள் இதை வைத்துப் பின்பக்கமாகவே ரேஸ் விட்டிருக்கிறார்கள்!

கேலியும் பண்ணியிருக்கிறார்கள். பெண்கள் காலுறை நழுவாமலிருக்கத் தொடையில் மாட்டும் பட்டையைச் சொல்லி, அதுதான் இந்த வண்டியை ஓட்டுகிறது என்று கிண்டல். கிழவிகளுக்கும் பயந்தாங்கொள்ளிகளுக்கும் உள்ள கார் என்று பெயர். கியர் இல்லாத ஸ்கூட்டரை 'லேடீஸ் வண்டி' என்று நாங்கள் இங்கே சொன்னோமே, அதுவேதான்.

நாங்கள் என்ன, நான்தான். உனக்கு அப்போது மூன்று வயதிருக்கும், ஞாபகம் இருக்காது. அம்மா சின்னாளப்பட்டி பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போய்க்கொண்டிருந்தாள். வண்டி ஓட்டக் கற்றுக்கொடு என்றாள். மைதானத்துக்குக் கூட்டிப்போய் கியர் ஸ்கூட்டரைக் கொடுத்தேன். இடது கையால் கிளட்ச்சைப் பிடித்து அதே கையைத் திருக வேண்டும். நாலு முறை அணைந்தது, ஐந்தாவது முறை குதித்து விழுந்தது. சுற்றிலும் கிரிக்கெட் ஆடுகிற பையன்கள். நான் கத்தினேன். என்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன். அம்மா சேலையைத் தட்டிவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனாள். மூன்று வருஷம் வண்டிப் பேச்சே எடுக்கவில்லை.

அப்புறம் ஒருநாள் சீட்டுப் பணத்தில், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பழைய கியர் இல்லாத ஸ்கூட்டர் ஒன்றை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினாள். "இது வண்டியா?" என்றேன். அடுத்த வாரம் சின்னாளப்பட்டிக்கு அதில்தான் போனாள். முன்னால் நீ நின்றுகொண்டு போவாய், ஹாரனை அமுக்கிக்கொண்டே. நான் பட்டறை வாசலில் நின்று பார்ப்பேன். மைதானத்தில் அன்றைக்குத் தடுமாறியது அவள் இல்லை, அந்தக் கிளட்ச்சும் அப்பாவும்தான். இதை அவளிடம் இன்னும் சொன்னதில்லை. நீயும் சொல்லாதே, நானே சொல்கிறேன்.

சரி, அவர் கதைக்கு வருகிறேன். ரப்பர் பெல்ட் பெரிய எஞ்சினின் பலத்தைத் தாங்காது. அதனால் இரும்பில் பெல்ட் செய்யக் கிளம்பினார். நூற்றுக்கணக்கான மெல்லிய எஃகுத் துண்டுகளை நெருக்கமாக அடுக்கி, மெல்லிய எஃகு வளையங்களில் கோத்தது. ரப்பர் பெல்ட் இழுக்கும், இது தள்ளும்! ரூபாய் நாணயங்களை நீளமாக அடுக்கி ஒரு முனையை நெட்டினால் மறுமுனை நகருமே, அப்படி. பெல்ட்டால் தள்ள முடியும் என்று ஒருவர் என் பட்டறையில் வந்து சொல்லியிருந்தால், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பேன்.

இதற்கென்று தனிக் கம்பெனி தொடங்கியது 1972-இல், அவருக்கு எழுபத்திரண்டு வயதில். 1975-இல் கார்த் தொழில் வோல்வோ கைக்குப் போய்விட்டது. 1979 மே மாதம் அவர் காலமானார். அந்த இரும்பு பெல்ட் 1987-இல்தான் சுபாரு ஜஸ்டி என்கிற ஜப்பான் காரில் ரோட்டுக்கு வந்தது. எட்டு வருஷம் பிந்திவிட்டது. அதைச் செய்த தொழிற்சாலை உனக்குப் பக்கத்து ஊரான டில்பர்க்கில்தான், பின்னால் பாஷ் என்கிற ஜெர்மன் கம்பெனி அதை வாங்கிக்கொண்டது.

உனக்கு ஒரு வேலை. இன்னொரு ஞாயிறு அந்த அருங்காட்சியகத்துக்குப் போ. தனியாகப் போ. முன் புல்லியைக் கிட்டத்தில் ஒரு போட்டோ, பின் புல்லியை ஒன்று. நீ அதில் இருக்கக் கூடாது. அவருடைய முதல் பட்டறையையும் அங்கே வைத்திருக்கிறார்களாம். இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸை எங்கே பொருத்தியிருக்கிறார், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று பார்த்துச் சொல்.

நேற்று அம்மா வண்டியைப் பிரித்தேன். பெல்ட்டின் பல்லிடுக்கெல்லாம் வெடிப்பு. ஆறு ரோலரில் இரண்டு ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தது. எல்லாம் மாற்றி மாட்டியதும் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, "இப்பத்தான் இழுக்குது" என்றாள். இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாளாம், நான்தான் காதில் வாங்கவில்லை.

குளிருக்குக் காதை மூடிக்கொள்.

அன்புடன்,
அப்பா