வெந்நீர் ஊற்றும் எங்கள் கிணறும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

லடாக்கின் பூகா வெந்நீர் ஊற்றுகள் என்றாலே எவ்வளவு மின்சாரம் கிடைக்கும் என்றுதான் எழுதுகிறார்கள். எனக்குப் பிடித்தது, ஒரு குப்பித் தண்ணீரை வைத்தே நிலத்தடியை வாசிக்கும் வித்தை. ஆழத்தில் சூடு கூடக்கூடப் பாறையின் சிலிக்கா அதிகம் கரையும். மேலே வந்து ஆறினாலும் உடனே படிந்துவிடாது. அதை அளந்தே அடியில் எத்தனை டிகிரி என்று கணக்கிடுகிறார்கள். அப்புறம் ஐசோடோப்பு, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறான அணுக்கள். இந்த நீர் பெரும்பாலும் பழைய மழைநீர்தான் என்று 1960களில் ஹார்மன் கிரெய்க் என்ற அமெரிக்க புவிவேதியியலாளர் காட்டினார். சூடான பாறையோடு ஆக்சிஜனைப் பரிமாறிக்கொள்வதால் ஆக்சிஜன்-18 என்ற கனமான ஆக்சிஜன் நீரில் கூடுகிறது. பாறையில் ஹைட்ரஜன் சொற்பம், அதனால் டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜன் அவ்வளவாக மாறுவதில்லை.

சரி, குமரியில் வெந்நீர் ஊற்று ஏது என்பீர்கள். உப்புக் கரிக்கும் கிணறு உண்டே! இராஜாக்கமங்கலம் பக்கம் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. கடல் புகுந்ததா, ஆவியாகி உப்பு தேங்கியதா? ஆளுக்கொரு ஜோசியம் சொல்கிறார்கள். ஒரு பகுதி ஆவியாகிப் போனால், மிஞ்சிய நீரில் கனமான ஐசோடோப்புகள் கூடும். உப்பிலுள்ள குளோரைடின் அளவோடு சேர்த்து வரைபடமாக வரைந்து பார்த்தால் கடல்நீர் கலந்தது வேறு கோட்டில் விழும். நமக்கு இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை), துலாமழை (வடகிழக்குப் பருவமழை) என இரண்டு மழை. துலாமழையில் கனமான ஐசோடோப்புகள் பொதுவாகக் குறைவு என்பதால், கிணற்றை நிரப்புவது எந்த மழை என்றுகூடத் தடம் பிடிக்கலாம்.

கடலோர ஊராட்சிகளில் கோடையில் ஒருமுறை, துலாமழை முடிந்து ஒருமுறை மாதிரி எடுத்துச் சோதித்து, முடிவை ஊராட்சி அலுவலகத்தில் தமிழில் ஒட்டினால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்