பெட் ஷாப் பாய்ஸை இன்னும் எத்தனை நாள் வாசலில் நிறுத்தப்போகிறீர்கள்?

க்ளீவ்லாண்டில் இருக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். நேராக விஷயத்துக்கே வருகிறேன். இசைக்கலைஞர்களைக் கௌரவிக்கும் உங்கள் பட்டியலுக்குத் தகுதி பெற, முதல் ரெக்கார்டு வந்து 25 வருடம் ஆகியிருந்தால் போதும் என்பது உங்கள் விதி. இருவர் மட்டுமே கொண்ட பிரிட்டிஷ் பாப் இசைக்குழுவான பெட் ஷாப் பாய்ஸின் முதல் சிங்கிள் வந்தது 1984-ல். அதே காலத்து பிரிட்டிஷ்காரர்களில் தி கியூர், டெபேஷ் மோட், டுரான் டுரான், யூரித்மிக்ஸ் என்று வரிசையாக உள்ளே போய்விட்டார்கள், இந்தக் குழுவின் நீல் டெனன்டுக்கும் கிறிஸ் லோவுக்கும் மட்டும் இன்னும் இடமில்லை.

ஹிட் போதாது என்று யாரும் சொல்ல முடியாது. 'வெஸ்ட் எண்ட் கேர்ல்ஸ்' 1986-ல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம். 1988-க்குள் உங்கள் நாட்டு டாப் டென்னில் ஐந்து பாட்டு. அப்புறம் அமெரிக்க ரேடியோ அவர்களைக் கைவிட்டது உண்மைதான், ஆனால் அது ரேடியோவின் குறை.

எனக்குத் தோன்றுவது இதுதான்: கிதாரைத் தூக்கிக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க மேடையில் ஓடினால்தான் உங்கள் கண்ணில் படுகிறது. லோ தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகக் கீபோர்டுக்குப் பின்னால் அசையாமல் நிற்பார், டெனன்ட் பாதி பேச்சும் பாதி பாட்டுமாகச் சொல்லிக்கொண்டு போவார். அதில் உணர்ச்சி இல்லை என்று நினைப்பவர்கள் 1990-ல் வந்த 'பீயிங் போரிங்'கை ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். எய்ட்ஸில் இறந்துபோன இளவயது நண்பனை நினைத்து டெனன்ட் எழுதியது. பழைய பார்ட்டி அழைப்பிதழ் ஒன்று கண்ணில் படுவதில் தொடங்கி, வாலிபத்தைக் கடந்து, அன்று கூட இருந்தவர்களில் சிலர் இன்று இல்லை என்ற இடத்துக்கு வந்து சேரும். ஒப்பாரி கிடையாது, குரல் உயராது, தாளம் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும், அதனாலேயே நெஞ்சை அடைக்கும். பிரிட்டனில் அது 20-ஆம் இடத்தோடு நின்றது, இன்று ரசிகர்கள் முதலில் சொல்லும் பாட்டுகளில் அதுவும் ஒன்று.

துணிச்சலும் குறைவில்லை. தன்பாலீர்ப்பை உள்ளாட்சி அமைப்புகள் 'ஊக்குவிக்க'க் கூடாது என்று தாட்சர் அரசு 1988-ல் செக்‌ஷன் 28 கொண்டுவந்தபோது, அதை எதிர்த்து லண்டனில் நடந்த நிகழ்ச்சியில் மேடையேறினார்கள். 2004-ல் டிரஃபால்கர் சதுக்கத்தில் 'பேட்டில்ஷிப் பொட்டெம்கின்' மௌனப் படத்துக்கு ஆர்கெஸ்ட்ராவோடு இசையமைத்து வாசித்தார்கள், 2014-ல் கணினி விஞ்ஞானி ஆலன் டூரிங்கைப் பற்றிய படைப்பை பிபிசி ப்ராம்ஸ் இசை விழாவில் அரங்கேற்றினார்கள். இத்தனையும் செய்துகொண்டே 2024-லும் புது ஆல்பம்.

பிரிட்டிஷ் பாடகி டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்டை நினைத்துப் பாருங்கள். பல வருடமாகப் பெரிய ஹிட் இல்லாமல் இருந்தவரை இவர்கள்தான் பிடிவாதமாக அழைத்துப் பாடவைத்தார்கள், அந்தப் பாட்டு 1987-ல் பிரிட்டனில் இரண்டாமிடம், அப்புறம் அமெரிக்காவிலும் இரண்டாமிடம். நீங்களோ அவரை 1999 மார்ச்சில் உள்ளே சேர்த்தீர்கள், அவர் இறந்து இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில். அந்த மரியாதையை அவரால் நேரில் வாங்க முடியவில்லை.

டெனன்டுக்கு 70 தாண்டிவிட்டது. அடுத்த நாமினேஷன் பட்டியலில் பெட் ஷாப் பாய்ஸ் பெயரைச் சேருங்கள், அவர்கள் இருவரும் மேடைக்கு நடந்து வந்து வாங்கும்போதே கொடுங்கள்.

இப்படிக்கு,
பெட் ஷாப் பாய்ஸ் ரசிகர் ஒருவர்