நீலப் பெட்டியில் இருந்த நோட்டுகள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். உன் அருங்காட்சியக முகவரிக்கு நான் அனுப்பிய மின்னஞ்சல் இரண்டு முறையும் திரும்பி வந்துவிட்டது. முகவரியில் நான்தான் ஏதோ எழுத்துப் பிழை செய்திருப்பேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அதனால் இந்தக் கடிதத்தைத் தபாலில், வீட்டு முகவரிக்கே அனுப்புகிறேன்.

சென்ற வாரம் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய், ஆந்திரத்து அமராவதியின் பௌத்த ஸ்தூபிச் சிற்பங்கள் உள்ள கூடத்தில் ஒரு காலைப்பொழுது முழுவதும் இருந்தேன். நீ லண்டனுக்குப் போன முதல் ஆண்டில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்து அமராவதிக் கற்களின் முன் நின்று எடுத்து அனுப்பினாயே, அந்தப் படத்தையும் சட்டைப்பையில் கொண்டுபோயிருந்தேன். 1859இல் சென்னையிலிருந்து கப்பலேறிய கற்கள் உன் பக்கம் இருக்கின்றன. அதே ஸ்தூபியின் மற்றக் கற்கள் பல என் எதிரே இருந்தன.

அங்கே இருந்த நேரமெல்லாம் சி. சிவராமமூர்த்தியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். இதே அருங்காட்சியகத்தில் தொல்லியல் பிரிவின் காப்பாட்சியராக இருந்து, இதே கற்களைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1942இல் வெளிவந்தது. 1909இல் பிறந்தவர், அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று, ஏறக்குறைய உன் வயது. ஒரு தலைப்பாகை எப்படிச் சுற்றப்பட்டிருக்கிறது, ஒரு காதணி எப்படித் தொங்குகிறது, யாழின் வளைவு எந்த இடத்தில் முடிகிறது என்று ஒவ்வொன்றையும் தம் கையாலேயே கோட்டோவியமாக வரைந்து, வடமொழிக் காவியங்களில் அதற்கு என்ன பெயர் இருக்கிறது என்று தேடிப் பொருத்திய உழைப்பு அது. பார்த்ததைக் கை வரைந்து பார்த்தால்தான் கண் முழுமையாகப் பார்க்கிறது என்பதை அந்தப் பக்கங்களைப் புரட்டும்போதுதான் நான் உணர்ந்தேன். நீ கோடு போடுவதை விட்டுவிடாதே.

அதன்பின் அவர் கல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்துக்கும், அங்கிருந்து டில்லியின் தேசிய அருங்காட்சியகத்துக்கும் போனார்; கிரேஸ் மார்லி அம்மையாருக்குப் பிறகு அதன் இயக்குநராகவும் ஆனார். ஆனால் அவர் வகித்த பதவிகளைச் சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. நடராஜர் வடிவத்தைச் சிற்பத்திலும் தத்துவத்திலும் இலக்கியத்திலும் தேடி அவர் எழுதிய, அவருடைய நூல்களிலேயே நான் மிகப் பெரிதாக மதிக்கும் அந்த நூல் 1974இல் வந்தது. அதாவது, இயக்குநர் பொறுப்பை விட்டு இறங்கிய பிறகு. பத்மபூஷண் 1975இல் கிடைத்தது. ஓவியக்கலையைப் பற்றிய பழைய வடமொழி நூலான சித்திரசூத்திரத்தைப் பற்றி அவர் எழுதியது 1978இல் வந்தது. அறையும் நாற்காலியும் போன பிறகும் அவருடைய கையும் கண்ணும் அவரிடமே இருந்தன. இதை நீ இரண்டு முறை படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

நான்கு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. அத்தை வீட்டுத் திருமணத்துக்கு ஒரு வாழ்த்துக்கூட வரவில்லை. அத்தை என்னிடம் எதுவும் கேட்கவில்லை, அதுதான் எனக்கு மேலும் வருத்தமாக இருந்தது. வேலை மிகுதி என்று நானே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன் பெயர் அச்சான அந்தக் கண்காட்சி நூலை வாசகசாலைக்கு எடுத்துப்போய், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் காட்டியவன் நான். இப்படி வாய்மூடி இருப்பதற்கா உன்னை வளர்த்தோம்? சரி, இதை இத்துடன் விடுகிறேன். வரைவதை மட்டும் விடாதே. எங்கே இருந்தாலும், எந்த நிலையில் இருந்தாலும், ஒரு நாளைக்கு ஒரு கோடாவது போடு.

அமராவதியைப் பற்றிப் படித்தபோது ஒரு செய்தி என்னை உறங்கவிடவில்லை. 1816இல் ஆங்கிலேய ஆட்சியின் நில அளவை அதிகாரி காலின் மெக்கன்சி தம் ஓவியர்களை அங்கே அழைத்துப் போய், கற்களைப் பார்த்துப் பார்த்து வரையச் செய்தார். அவர்கள் வரைந்த கற்களில் பல பிறகு காணாமல் போயின. அந்த ஸ்தூபி மேட்டின் கற்களைக் கட்டடங்களுக்குப் பெயர்த்துக்கொண்டு போயினர், சுண்ணாம்புக்காகவும் சுட்டனர். கல் போய்விட்டது, அதைப் பார்த்து வரைந்த காகிதம் இன்னும் லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. உனக்கு இது பழைய செய்தியாக இருக்கலாம். எனக்கு அது வேறு ஒன்றை நினைவூட்டியது.

மாடி அறையின் நீலப் பெட்டியில் இருந்த உன் ஓவிய நோட்டுகளைக் கரையான் அரித்துவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். அது பொய். நீ பொறியியல் கல்லூரி விடுதிக்குப் போன மறுவாரம், வெள்ளையடிப்பதற்காக அறையை ஒழித்தபோது, பதினோரு நோட்டுகளையும் பழைய செய்தித்தாள்களோடு சேர்த்துக் கட்டி, பழைய பேப்பர் கடையில் நானே எடைக்குப் போட்டேன். இடமில்லாமல் செய்ததன்று. அவை கண்ணில் படாமல் இருந்தால் உன் மனம் படிப்பில் நிற்கும் என்று எண்ணிச் செய்தேன். நான்காண்டு முடித்துவிட்டு நீ பரோடாவில் கலை வரலாறு படிக்கப் போகிறேன் என்று வந்து நின்றபோதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. விடுமுறைக்கு வந்த நீ அந்த வெறும் பெட்டியைத் திறந்து பார்த்து, ஒன்றும் சொல்லாமல் மூடியதை நான் வாசற்படியில் நின்று பார்த்தேன்.

தாராசுரத்தில் நீ பன்னிரண்டு வயதில் வரைந்த காளையும் யானையும் ஒரே தலையில் சேரும் சிற்பம் நான்காவது நோட்டில் இருந்தது. சோழர் கோயில்களைப் பற்றி சிவராமமூர்த்தி எழுதிய வழிகாட்டி நூலை மடியில் விரித்துவைத்துக்கொண்டு, சுடும் கல்தரையில் உட்கார்ந்து வரைந்தாய். நேரமாகிறது என்று நான் கடிந்துகொண்டேன். யானையின் துதிக்கையை நீ மூன்று முறை அழித்து வரைந்தது நினைவிருக்கிறது. மற்றவை எந்தெந்த நோட்டில் இருந்தன என்று நினைவுக்கு வந்தவரை எழுதிப் பார்த்தேன்; ஏழுக்கு மேல் எனக்கு எதுவும் வரவில்லை.

அம்மா இன்னும் கரையான் என்றே நம்பிக்கொண்டிருக்கிறாள். இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டு வந்து அவளிடம் நானே சொல்கிறேன். நீ சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
அப்பா