பிடரியும் காதும்

புதுச்சேரி

அன்பு நண்பா,

பேத்திக்குக் காது குத்திய சேதி படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? இங்கே மழை விட்டபாடில்லை. மண் காயவே மாட்டேன் என்கிறது.

இந்த வருஷம் 11 பிள்ளைகளுக்குக் களிமண்ணில் மனிதத் தலை செய்யச் சொல்லித் தருகிறேன். மண் வில்லியனூரிலிருந்து வருகிறது. அந்த ஊர் முனுசாமி சுடுமண் வேலைக்காக 2020இல் பத்மஸ்ரீ வாங்கியவர் அல்லவா, பிள்ளைகளுக்கு அந்த மண்மேல் தனி மரியாதை. ஆனால் கும்பகோணத்தில் நாம் செய்த அதே தப்பைத்தான் இவர்களும் செய்கிறார்கள். முதல் நாளே கண்ணை நோண்டத் தொடங்கிவிடுகிறார்கள், அதையும் நெற்றியில் ஏற்றி. பிடரியில் மண்ணே இருக்காது. உச்சிக்கும் முகவாய்க்கும் சரிபாதியில்தான் கண் இருக்கிறது என்றால் நம்புவதில்லை. அவரவர் தலையிலேயே விரல் வைத்து அளக்கச் சொன்னேன். காதுக்குப் பின்னால் எவ்வளவு தலை இருக்கிறது என்று தடவிப் பார்த்து ஒரு பையன் அசந்துபோனான். இரண்டு நாளைக்குக் கண், வாய் எதுவும் கூடாது, மண்டை மட்டும்தான் என்று சொல்லிவிட்டேன்.

பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் மாடலாக வந்து உட்காருகிறார். நான்காம் நாள் வாய் கொப்பளிக்கப் பல்செட்டைக் கழற்றினார் பார், உதடு உள்ளே போய், முகவாய் மூக்கை நோக்கி ஏறிவிட்டது! "அப்படியே இருங்க ஐயா" என்று கெஞ்சி எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். உதடு தனியாக ஒட்டுகிற துண்டு இல்லை, பல்வரிசையின் வளைவுமேல் கிடக்கிற சதை என்று தொண்டை வற்றச் சொன்னது ஒரு நிமிஷத்தில் புரிந்துவிட்டது. பாதிப் பேர் அன்றே வாயை வழித்துவிட்டு, பல்லுக்கு மண் உருட்டி வைத்து மறுபடி தொடங்கினார்கள்.

ஒரு வருத்தமும் உண்டு. ஒரு பெண் செய்த தலை சூளையில் வெடித்துவிட்டது. தப்பு என்னுடையது. உள்ளே குடைந்து கட்டைவிரல் கனத்துக்குக் கொண்டுவந்தோம், மூக்குக்குப் பின்னால் மட்டும் கட்டியாக நின்றுவிட்டது. வெளியே காய்ந்திருந்ததைப் பார்த்து நான் சரி என்றேன். உள்ளே நின்ற ஈரம் ஆவியாகி முகத்தையே பிய்த்துவிட்டது. பிடரியும் ஒரு காதும் மிஞ்சின. அவள் அழவில்லை. காதை எடுத்துக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் இல்லை. இப்போது மறுபடி செய்கிறாள். பெரியவர் அவளுக்காக இன்னும் ஒரு வாரம் வருகிறேன் என்றிருக்கிறார்.

அப்புறம், உன்னிடம் இருந்த, அகலம் அளக்கிற அந்த வளைந்த இரும்புக் காலிப்பர் இன்னும் இருக்கிறதா? கன்ன எலும்பின் அகலத்தை இவர்கள் கண்ணாலேயே அளக்கிறார்கள். கொடுத்தனுப்பு. முடிந்தால் பொங்கலுக்கு முன் நீயே எடுத்துக்கொண்டு வா, தலைகள் சூளைக்குப் போகுமுன் நீயும் ஒருமுறை உள்ளே விரல் விட்டுப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உன் நண்பன்